தினமும் கூடவே கொண்டு போக ஒரு சின்ன கேமரா: ஜிஆரா, ஆர்எக்ஸ்100-ஆ, எக்ஸ்100-ஆ?

நீங்க கேட்டது இதுதான்: போன்ல எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு, பைக்ல ஆபீஸ் போறப்ப பையிலயோ பேன்ட் பாக்கெட்லயோ தினமும் கிடக்கிற மாதிரி ஒரு சின்ன கேமரா வேணும், வீட்ல ஒன்றரை வயசுப் பொண்ணு, வெளிய தெரு, டீக்கடை, தேர்த்திருவிழா, கோயிலுக்குள்ள எல்லாம் எடுக்கணும், விலை ஏன் இப்படி ஏறிக்கிடக்கு, ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100, ஃபுஜி எக்ஸ்100 மூணையும் பாத்து வச்சிருக்கீங்க, நடுவுல யாரோ பழைய டிஜிகேம் (இருபது வருஷத்துக்கு முந்தின குட்டி டிஜிட்டல் கேமரா) வாங்கு அதான் இப்ப டிரெண்டுன்னு குழப்பி விட்டிருக்காங்க. சரி. மூணுமே நல்ல கேமராதான், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா மூணும் ஒரே வேலைக்கு செஞ்ச கேமரா இல்ல, ரிவியூ பாத்தா அது புரியாது, ஏன்னா ரிவியூ பண்றவரு எல்லாத்தையும் மேஜை மேல பரப்பி வச்சு சென்சர், மெகாபிக்சல், 4கே வீடியோன்னு கட்டம் போட்டு மார்க் போடுவாரு. தினமும் தூக்கிட்டுப் போற கேமராவுக்கு முதல் கேள்வி எவ்ளோ தடிமன், ரெண்டாவது எவ்ளோ சீக்கிரம் படம் எடுக்கும், மூணாவதுதான் படத்தோட தரம். இந்த வரிசைய மாத்தி யோசிச்சு வாங்கினவங்க கேமரா எல்லாம் இப்ப பீரோவுக்குள்ளதான் இருக்கு.

தடிமன்ல இருந்தே வரேன். ஜிஆர் 3 லென்ஸ் உள்ள போன நிலையில சுமார் 33 மில்லிமீட்டர், பேட்டரி கார்டு எல்லாம் சேத்து 257 கிராம். ஆர்எக்ஸ்100 மார்க் 7 (மார்க்னா அந்த வரிசைல எத்தனாவது மாடல்ங்கிறது) கிட்டத்தட்ட 43 மில்லிமீட்டர், 302 கிராம். கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3-யும் அதே ரகம்தான், 41 மில்லிமீட்டர், 304 கிராம். எக்ஸ்100 வரிசைல ஆறாவதான எக்ஸ்100 சிக்ஸ் 55 மில்லிமீட்டர், 521 கிராம். நம்பரா பாத்தா ஒண்ணும் தோணாது, அதனால வீட்ல இருக்கிற போன எல்லாம் எடுத்து அடுக்குங்க, ஒரு போன் 8 மில்லிமீட்டர்னா நாலு போன் அடுக்கினா ஜிஆர், அஞ்சரை அடுக்கினா ஆர்எக்ஸ்100, ஏழு அடுக்கினா எக்ஸ்100. அந்த அடுக்க பேன்ட் பாக்கெட்ல விட்டுட்டு பைக்ல உக்காந்து பாருங்க, பாதி முடிவு அங்கயே ஆயிடும். ஜிஆர் முன் பாக்கெட்ல போயிடும், தொடைல குத்தாது. ஆர்எக்ஸ்100 போகும், ஆனா புடைச்சிட்டு தெரியும், நிக்கறப்ப ஓகே, உக்காந்தா தொல்லை. எக்ஸ்100 பாக்கெட் கேமராவே இல்ல, கழுத்துல மாட்டணும் இல்ல பையில போடணும், "காம்பாக்ட்"னு பேர் இருக்குங்கிறதுக்காக அத ஜிஆரோட சேத்து ஒப்பிடுறதே எனக்கு சரியா படல. உங்க மனைவியும் பயன்படுத்தப் போறாங்கன்னா கணக்கு வேற, சுடிதார்ல உருப்படியா ஒரு பாக்கெட் வைக்கிற டெய்லர நான் இன்னும் பாக்கல, ஹேண்ட்பேக்ல போகப் போற கேமராவுக்கு 33-ம் 43-ம் ஒண்ணுதான்.

அடுத்து, போன் இருக்கும்போது இது எதுக்குங்கிறத தெளிவா வச்சுக்கணும். நல்ல வெயில்ல எடுத்து போன் ஸ்கிரீன்லயே பாக்கிற படத்துக்கு தனி கேமரா தேவையே இல்ல, இத கேமரா பைத்தியம் பிடிச்ச நானே சொல்றேன். வித்தியாசம் தெரியற இடம் கொஞ்சம்தான்: வெளிச்சம் கம்மியான ரூம்ல அசையற ஆள், உண்மையான செனான் ஃபிளாஷ் (போன் எல்ஈடி மாதிரி இல்லாம ஒரே அடியா பளிச்னு அடிக்கிறது), பிரிண்ட் போடுறப்ப முகத்துல மெழுகு பூசின மாதிரி ஆகாத தோல், அப்புறம் படம் எடுக்க கையில எடுத்தா வாட்ஸப் மெசேஜ் வந்து குறுக்க நிக்காத ஒரு பொருள். போன் மங்கின வெளிச்சத்துல நாலஞ்சு ஃபிரேம சேத்து ஒரு படமா தைக்குது, நிக்கிற ஆளுக்கு அது பிரமாதம், ஓடுற பொண்ணுக்கு கை ரெண்டா தெரியும் இல்ல கன்னம் களிம்பு மாதிரி வழியும்.

இங்கதான் சென்சர் (வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு) சைஸ் வருது. சாதா பாயின்ட் அண்ட் ஷூட்ல இருக்கிற 1/2.3 இன்ச் சென்சர் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், அதாவது 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100, ஜி7எக்ஸ்ல இருக்கிற "1 இன்ச்" சென்சர் 13.2க்கு 8.8, சுமார் 116 சதுர மில்லிமீட்டர் (எங்கயுமே அது ஒரு இன்ச் கிடையாது, மூலைக்கு மூலை அளந்தா 16 மில்லிமீட்டர்தான் வரும், அந்தக்கால டிவி கேமரா டியூபோட வெளி விட்டத்த வச்சு வந்த பேரு, இன்னிக்கு வரைக்கும் ஜனங்கள ஏமாத்திட்டிருக்கு). ஜிஆர், எக்ஸ்100 ரெண்டுலயும் ஏபிஎஸ்-சிங்கிற பெரிய சைஸ் சென்சர், 23.5க்கு 15.6, சுமார் 366 சதுர மில்லிமீட்டர். சின்னதுக்கும் 1 இன்ச்சுக்கும் நாலு மடங்கு, அதுக்கும் ஏபிஎஸ்-சிக்கும் மூணு மடங்கு.

ஆனா சென்சர மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, லென்ஸ் எவ்ளோ திறக்குதுங்கிறதையும் சேத்துத்தான் கணக்கு போடணும், நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது. ஜிஆர் லென்ஸ் எஃப் 2.8 (எஃப் நம்பர் சின்னதாக ஆக லென்ஸ் பெருசா திறக்கும்). ஆர்எக்ஸ்100 மார்க் 3, 4, 5 மூணுலயும் 24-70 எம்எம் சூம் லென்ஸ் (எம்எம் நம்பர் சின்னதுன்னா காட்சி அகலம், அதான் வைட், பெருசுன்னா கிட்ட இழுத்துக் காட்டும்), வைட்ல எஃப் 1.8. ரெண்டையும் ஃபுல் ஃபிரேம் (36க்கு 24 மில்லிமீட்டர் சென்சர்) கணக்குக்கு மாத்தினா ஜிஆர் எஃப் 4.2, ஆர்எக்ஸ்100 எஃப் 4.9, அதாவது அரை ஸ்டாப் கூட (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) வித்தியாசம் இல்ல. மூணு மடங்கு பெரிய சென்சரோட லாபத்த அந்த எஃப் 1.8 கிட்டத்தட்ட முழுங்கிடுது. ஆனா மார்க் 6, 7 ரெண்டுலயும் 24-200 சூம் வேணும்னு லென்ஸ எஃப் 2.8-4.5 ஆக்கிட்டாங்க, அங்க அதே கணக்கு போட்டா வைட்லயே எஃப் 7.6, முழு சூம்ல எஃப் 12. பகல்ல ஊர் சுத்த சூப்பர், ராத்திரி வீட்டுக்குள்ள திணறும். பேர் ஒண்ணு, நம்பர் பெருசு, அதனால புதுசுதான் நல்லதுன்னு நினைச்சு மார்க் 7 வாங்கிட்டு ராத்திரி படம் நாய்ஸா, புள்ளி புள்ளியா இருக்குன்னு புலம்பறவங்க எக்கச்சக்கம். எக்ஸ்100 எஃப் 2, ஃபுல் ஃபிரேம் கணக்குல எஃப் 3, ஜிஆர விட சரியா ஒரு ஸ்டாப் அதிகம், ரெண்டு மடங்கு வெளிச்சம், அந்தக் கூடுதல் தடிமன் முக்கால்வாசி அங்கதான் போயிருக்கு.

இப்ப உங்க பொண்ணு விஷயம். ஒன்றரை வயசுக் குழந்தை வீட்டுக்குள்ள ஒரு இடத்துல நிக்காது, முகம் அசையாம வரணும்னா குறைஞ்சது 1/125 வினாடி, ஓடிட்டிருந்தா 1/250 வினாடி ஷட்டர் ஸ்பீடு வேணும். கேமராவுக்குள்ள இருக்கிற ஸ்டெபிலைசர் இதுக்கு உதவாது, அது உங்க கை நடுக்கத்தத்தான் நிறுத்தும், குழந்தைய நிறுத்தாது. அந்த ஸ்பீடுல சாயங்காலம் ஒரே ஒரு டியூப்லைட் ஹால்ல ஐஎஸ்ஓ (சென்சரோட உணர்திறன், ஏற ஏற நாய்ஸும் ஏறும்) 3200, 6400ன்னு சாதாரணமா ஏறும். ஜிஆர்ல ஐஎஸ்ஓ 6400 வரைக்கும் தைரியமா போகலாம், ஆனா அதோட ஆட்டோஃபோகஸ் மங்கின வெளிச்சத்துல முன்னும் பின்னும் தேடும், அந்த அரை வினாடில குழந்தை சோபாவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்துல ஆர்எக்ஸ்100 மார்க் 5-ல இருந்து மேல இருக்கிறதுங்க ஜெயிக்கும், அதுலதான் ஃபேஸ் டிடெக்ட் (phase, முகம்ங்கிற face இல்ல) ஃபோகஸ் வந்துச்சு, முன்னும் பின்னும் தேடாம சட்டுனு புடிக்கும், மார்க் 7-ல கண்ண புடிச்சிட்டு விடவே விடாது. மார்க் 3-ல பழைய கான்ட்ராஸ்ட் முறைதான், மெதுவு.

ஆர்எக்ஸ்100-ல இன்னொரு சமாச்சாரம், மேனுவல்ல பெருசா எழுதியிருக்க மாட்டாங்க. மேல டப்புனு எழும்புற அந்தக் குட்டி ஃபிளாஷ் ஒரு ஸ்பிரிங் கை மேல நிக்குது, அத ஆள்காட்டி விரலால லேசா பின்பக்கம் சாய்ச்சுப் புடிச்சா அது நேரா சீலிங்க பாக்கும். ஐஎஸ்ஓ 800 வச்சுக்குங்க, லென்ஸ வைட்லயே விட்டு முழுசா திறந்துக்குங்க, ஒரு விரல் ஃபிளாஷ்ல, ஒரு விரல் ஷட்டர்ல. வெள்ளை சீலிங்கா இருந்தா வெளிச்சம் மேல பட்டு மெத்துனு கீழ இறங்கும், குழந்தை முகத்துல எண்ணெய் வழியற பளபளப்பு இருக்காது, சிவப்புக் கண்ணு வராது, பின்னாடி சுவத்துல கரேல்னு நிழல் விழாது. சின்ன ஃபிளாஷ்தானே, அதனால உசரமான ஓட்டு வீடு, கலர் அடிச்ச சீலிங், கல்யாண மண்டபம் இங்கெல்லாம் வேலைக்காகாது, நம்ம ஃபிளாட் ஹாலுக்கு தாராளம். ஜிஆர் 3-ல ஃபிளாஷே கிடையாது, ஜிஆர் 2-ல இருந்தத எடுத்துட்டாங்க, மேல தனியா ஒண்ணு மாட்டணும், மாட்டினா பாக்கெட்ல போகாது. குழந்தை படம்தான் முக்கால்வாசின்னா ஜிஆர் வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இந்த ரெண்டு காரணம் போதும்.

டியூப்லைட் பத்தி சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப்லைட்டும் மட்டமான எல்ஈடியும் வினாடிக்கு 100 தரம் மினுக்கும். சைலன்ட் ஷட்டர், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு வேகமா எடுத்தீங்கன்னா படத்துல குறுக்க கோடு கோடா விழும். எலக்ட்ரானிக் ஷட்டர ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கல்லயே வையுங்க, இந்த காம்பாக்ட் எல்லாத்துலயும் லீஃப் ஷட்டர்தான் (லென்ஸுக்குள்ளயே இதழ் மாதிரி திறந்து மூடுறது), சத்தம் டிக்னு கூட கேக்காது, அப்புறம் சைலன்ட் எதுக்கு. குழந்தை தூங்கறப்ப, யாரும் அசையாதப்ப, 1/100 இல்ல 1/50 வச்சா கலரும் மாறாம வரும்.

தெருவுக்கு வந்தா கதை தலைகீழ். அங்க ஜிஆர அடிச்சிக்க ஆள் இல்ல, அதுக்கு முக்கியமான காரணம் ஸ்னாப் ஃபோகஸ்னு ஒரு சங்கதி. 1996-ல ஃபிலிம்ல ஜிஆர்1-ஆ ஆரம்பிச்சு 2005-ல டிஜிட்டல் ஆன வரிசை இது, இத்தனை வருஷத்துல அவங்க விடாம புடிச்சிட்டிருக்கிற ஒண்ணு இந்த ஸ்னாப். அதாவது ஃபோகஸ் தூரத்த நீங்க முன்னாடியே சொல்லி வச்சிடுவீங்க, 1 மீட்டர், 1.5, 2, 2.5, 5 இப்படி. ஷட்டர பாதி அமுக்காம ஒரே மூச்சா முழுசா அமுக்கினா கேமரா ஃபோகஸ் தேடவே தேடாது, சொல்லி வச்ச தூரத்துக்கு லென்ஸ நகத்தி எடுத்துடும். எஃப் 5.6, 2 மீட்டர்னு வச்சிட்டீங்கன்னா அந்த 28 எம்எம் லென்ஸ்ல சுமார் 1.2 மீட்டர்ல இருந்து 6 மீட்டர் வரைக்கும் எல்லாமே ஷார்ப். எஃப் 8, 2.5 மீட்டர்னா ஒரு மீட்டர் சொச்சத்துல இருந்து அடிவானம் வரைக்கும். கேமரா ஆன் ஆக 0.8 வினாடிதான்.

இது கையில எப்படி இருக்கும்னா, பஸ் ஸ்டாப்ல நிக்கறீங்க, பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கைப்பிடிய புடிச்சு தாவுறாரு, ஒரு கையில உங்க டிபன் பை இருக்கு, இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள போகுது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கேமராவ வெளிய எடுக்கும்போதே மேல இருக்கிற பட்டன அமுக்கிடுது, இடுப்பு உசரத்துலயே திருப்பி ஒரே அமுக்கு. ஸ்கிரீன பாக்கல, ஃபோகஸ் கட்டம் பச்சையாச்சான்னு பாக்கல, அவரு எங்க நின்னாலும் அந்த 1.2-க்கும் 6-க்கும் நடுவுலதான் நிப்பாரு. ஆர்எக்ஸ்100-ல லென்ஸ் வெளிய வந்து, முகம் தேடி, புடிக்கறதுக்குள்ள பஸ் கிளம்பிடும். இது வெயில் இருக்கிற வரைக்கும்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எஃப் 2.8-க்கு திறந்தீங்கன்னா அந்த ஷார்ப் பட்டை சுருங்கிடும், ஸ்னாப் தூரத்த கண்ணால சரியா அளக்கத் தெரியணும், அது பழகப் பழகத்தான் வரும்.

ஜிஆரோட பெரிய குறை நம்ம ஊர்ல நடு மதியம் தெரியும். வியூஃபைண்டர் (கண்ண வச்சுப் பாக்கிற ஓட்டை) இல்ல, ஸ்கிரீன் சாயாது, உச்சி வெயில்ல ஸ்கிரீன்ல உங்க மூஞ்சிதான் தெரியும். ஆர்எக்ஸ்100 மார்க் 3-ல இருந்து ஒரு குட்டி வியூஃபைண்டர் மேல எழும்பும், கண்ணாடி போட்டவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம்னாலும் வெயில்ல உயிரக் காப்பாத்தும். ஜி7எக்ஸ்ல வியூஃபைண்டர் இல்ல, ஸ்கிரீன் மேல திரும்பும், அதனாலதான் வீடியோ பண்ற பசங்க அத அள்ளிட்டுப் போறாங்க. எக்ஸ்100-ல ஆப்டிகல் (கண்ணாடி வழியா நேரா பாக்கிறது), எலக்ட்ரானிக் (குட்டி ஸ்கிரீன்) ரெண்டும் ஒரே ஓட்டைல, ஒரு லீவர தட்டினா மாறும், தேர் இழுக்கிற கூட்டத்துல அந்த ஆப்டிகல் ஃபைண்டர் வழியா ஃபிரேமுக்கு வெளிய இருந்து யார் உள்ள வர்றாங்கன்னு பாத்துட்டே எடுக்கலாம், அந்த சுகத்துக்கே அத தூக்கி சுமக்கிற ஆளுங்க இருக்காங்க. கோயிலுக்குள்ளன்னு கேட்டிருந்தீங்க, நிறைய கோயில்ல உள்ள கேமராவுக்கே அனுமதி இல்ல, அதனால கர்ப்பகிரகத்து இருட்ட நினைச்சு கேமரா வாங்காதீங்க, தேர் ஓடுறது வெளிய வெயில்லதான்.

எத்தனை எம்எம்ங்கிறதுக்கு யாரையும் கேக்க வேண்டாம், உங்க போன் கேலரியே சொல்லும். போனோட மெயின் கேமரா பொதுவா 24-ல இருந்து 26 எம்எம். நீங்க எடுத்ததுல பிடிச்ச படங்கள மட்டும் திறந்து டீடெயில்ஸ் பாருங்க. எல்லாம் 1எக்ஸ்லயே இருக்கு, ஆளு கிட்டப் போய் எடுத்திருக்கீங்கன்னா ஜிஆர் 3-யோட 28 உங்களுக்கு வீடு மாதிரி. பாதிக்கு மேல 2எக்ஸ்ல, இல்ல எடுத்துட்டு ஓரத்த வெட்டியிருக்கீங்கன்னா 28 உங்கள எரிச்சல்படுத்தும், 2021-ல வந்த ஜிஆர் 3எக்ஸ் 40 எம்எம், அத பாருங்க, குழந்தை முகம் கிட்டப் போனாலும் மூக்கு பெருசாகாது. ஜிஆர் 3-லயே 35, 50-ன்னு ஓரத்த வெட்டி எடுக்கிற கிராப் பட்டன் இருக்கு, 24 மெகாபிக்சல்ல 35-க்கு 15-ம் 50-க்கு 7-ம்தான் மிச்சம், அவசரத்துக்கு ஓகே. எக்ஸ்100 35 எம்எம், ரெண்டுக்கும் நடுவுல, 40 மெகாபிக்சல் இருக்கிறதால வெட்டவும் இடம் இருக்கு. எல்லா தூரமும் கலந்து கிடக்கு, ஸ்கூல் ஆண்டுவிழால மேடை எல்லாம் எடுக்கறீங்கன்னா சூம் இல்லாம முடியாது.

டிஜிகேம் பத்தி. 2003, 2006 மாடல் கேமரால இருக்கிற சிசிடிங்கிற பழைய வகை சென்சர்ல ஏதோ மந்திரம் இருக்கு, ஃபிலிம் மாதிரி வரும்னு சொல்றாங்க. நான் அத நம்பல. அந்த லுக்குக்கு காரணம் பாதி நேரா மூஞ்சில அடிக்கிற ஃபிளாஷ், மீதி அந்தக் காலத்து ஜேபெக் பிராசசிங், வானம் வெள்ளையா வெளுத்துப் போறது, கான்ட்ராஸ்ட் அழுத்தம். பிடிச்சிருந்தா தப்பில்ல, சித்தப்பா வீட்டு பரண்ல கிடக்குன்னா கேட்டு வாங்கி ஓட்டுங்க. காசு குடுத்து வாங்கறதா இருந்தா மூணு விஷயம் பாருங்க. அப்போதைய நிறைய கேமரா 2 ஜிபி எஸ்டி கார்டுக்கு மேல எடுத்துக்காது, அதுக்கு மேல கொள்ளளவு உள்ள எஸ்டிஹெச்சி கார்டு 2006-லதான் வந்துச்சு, இன்னிக்கு கடைல கிடைக்கிற 64 ஜிபி கார்ட போட்டா கார்டு எரர்னு காட்டும். ஒலிம்பஸ், ஃபுஜி பழசுங்க எக்ஸ்டி கார்டு, சோனி பழசுங்க மெமரி ஸ்டிக், அந்தக் கார்டுக்கே தனியா வேட்டையாடணும். மூணாவது, 2002-ல இருந்து 2004 வாக்குல வந்த பல கம்பெனி கேமராக்கள்ல ஒரே இடத்துல இருந்து வந்த சிசிடி, சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் உள்ள இணைப்பு விட்டுப்போய் படம் கருப்பாவோ ஊதா கோடாவோ ஆகுற பிரச்சினை இருந்துச்சு, 2005 அக்டோபர்ல வரிசையா பல கம்பெனிங்க இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு அறிவிச்சாங்க. சூடும் ஈரமும்னா நம்ம கடற்கரை ஊருங்கதானே, அந்த வயசு கேமராவ படம் எடுத்துக் காட்டாம வாங்கவே கூடாது.

புதுசு வேணும் ஆனா கம்மி விலைன்னா கோடாக் பேர்ல வர்ற பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 மாதிரி ஒண்ணு கிடைக்கும், 106 கிராம், சட்டைப் பாக்கெட்ல போகும், 1/2.3 இன்ச் சென்சர்தான், ராத்திரி ஃபிளாஷ் இல்லாம எதுவும் எதிர்பாக்காதீங்க. மழை, கடல், பீச்சுன்னா ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 15 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி போகாது, படத்தரம் சுமார், ஆனா குழந்தை கையிலயே குடுத்துடலாம். பேனசானிக் எல்எக்ஸ்100 மார்க் 2-வ யாரும் பேச மாட்டேங்கறாங்க, பெரிய சென்சர், எஃப் 1.7 லென்ஸ், 24-75 சூம், தடிமன் எக்ஸ்100-ய விடவே கொஞ்சம் அதிகம், பைல வைக்கிற ஆளுக்கு நல்ல சரக்கு.

தூசியும் பூஞ்சையும் நம்ம ஊர் காம்பாக்டுக்கு ரெண்டு எமன். லென்ஸ் வெளிய வந்து உள்ள போற ஒவ்வொரு தடவையும் காத்த உறிஞ்சும், பாக்கெட்ல இருக்கிற பஞ்சும் துணித்தூளும் கூடவே போகும், சென்சர்ல ஒரு புள்ளி ஒட்டிட்டா லென்ஸ் கழட்ட முடியாத கேமரால முழுசா பிரிச்சாத்தான் துடைக்கலாம். ஜிஆர்காரங்க இந்தப் புலம்பல் நிறைய புலம்புவாங்க. அதனால ஒரு மெல்லிசு துணிப்பை தைச்சு அதுக்குள்ள போட்டு பாக்கெட்ல வையுங்க, சில்லறையும் சாவியும் அந்தப் பாக்கெட்ல வேண்டாம், வாரத்துக்கு ஒருதரம் பாக்கெட்ட வெளிய இழுத்து உதறுங்க. பீச் மணல் காத்துல லென்ஸ நீட்டாதீங்க, ஒரு மணல் போதும் பல்சக்கரம் நடுவுல சிக்கி லென்ஸ் பாதில நின்னு எரர் காட்ட, என்கிட்ட இருந்த ஒண்ணு அப்படித்தான் போச்சு, ரிப்பேர் செலவு கேட்டா பழசு ஒண்ணு வாங்கற விலை சொன்னாங்க. பூஞ்சைக்கு லெதர் கேஸ்ல மூடி பீரோல வைக்கிறத விட மோசமானது இல்ல, காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50 சதவீதம் காட்டுதான்னு ஒரு சின்ன மீட்டர் போட்டு வையுங்க. தினமும் வெளிய எடுத்து வெயில் காத்து பாக்கிற கேமராவுக்கு பூஞ்சை பெரும்பாலும் வராது. ஏசி ஆபீஸ்ல இருந்து வெளிய வந்ததும் லென்ஸ் பனி மூடும், துடைக்காதீங்க, பையிலயே பத்து நிமிஷம் விட்டா தானா போகும்.

பேட்டரி எல்லாத்துலயும் குட்டி, ஜிஆர் 3 சுமார் 200 படம், ஜி7எக்ஸ் மார்க் 3 235, ஆர்எக்ஸ்100 மார்க் 7 260 வாக்குல, எக்ஸ்100 சிக்ஸ் மட்டும் ஆப்டிகல் ஃபைண்டர்ல 450. ரெண்டாவது பேட்டரி கட்டாயம். ஜிஆர், ஜி7எக்ஸ் டைப்-சில சார்ஜ் ஏறும், ஆர்எக்ஸ்100 மார்க் 7 2019-லயும் மைக்ரோ யூஎஸ்பி, அதுக்குன்னு தனி கேபிள் சுமக்கணும். போனுக்கு படம் அனுப்ப கம்பெனி ஆப்ப நம்பாதீங்க, டைப்-சி கார்டு ரீடர் ஒண்ணு வாங்கி பர்ஸ்ல போட்டுக்குங்க, வேலை சீக்கிரம் முடியும்.

விலை ஏன் இப்படி ஏறிக்கிடக்குன்னு கேட்டீங்க. 2010-ல உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராவுக்கு மேல அனுப்பினாங்க, 2023-ல 80 லட்சம் கூட இல்ல. போன் வந்ததும் காம்பாக்ட் லைன எல்லாரும் இழுத்து மூடினாங்க, அப்புறம் இன்ஸ்டா, டிக்டாக் புண்ணியத்துல திடீர்னு கேக்க ஆரம்பிச்சாங்க, செய்ய ஆள் இல்ல. எக்ஸ்100 சிக்ஸ் 2024-ல 1599 டாலருக்கு வந்துச்சு, மாசக்கணக்குல வெயிட்டிங். ஜிஆர் 3 2019-ல 899 டாலர், 2025-ல வந்த ஜிஆர் 4 1499 டாலர், 26 மெகாபிக்சல், 5-ஆக்சிஸ் ஸ்டெபிலைசர், உள்ளயே 53 ஜிபி மெமரி, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்னாப்புக்காக வாங்கறவருக்கு ஜிஆர் 3 போதும். இம்போர்ட் பீஸ் கம்மி விலைக்கு வரும், வாரன்டி இங்க செல்லுமா, உங்க ஊர்ல சர்வீஸ் யார் பண்ணுவாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் காச எடுங்க.

உங்க நிலைமைக்கு நான் சொல்றது ஆர்எக்ஸ்100, அதுலயும் மார்க் 5ஏ (மார்க் 5-ஐயே கொஞ்சம் மெருகேத்தி விட்ட மாடல்), செகண்ட் ஹேண்ட்ல. 24-70 எஃப் 1.8-2.8 லென்ஸ், நல்ல ஆட்டோஃபோகஸ், சாயற ஃபிளாஷ், வெயிலுக்கு வியூஃபைண்டர், வீட்டுக்கும் தெருவுக்கும் ஒண்ணே ஓடும். பொண்ணு கொஞ்சம் பெருசாகி தெருதான் உங்க இஷ்டம்னு ஆச்சுன்னா அப்ப ஜிஆருக்கு மாறிக்கலாம். எக்ஸ்100 உங்களுக்கு வேண்டாம், பைக்ல ஆபீஸ் போற ஆளு நீங்க, நாலாவது நாள் வீட்லயே விட்டுட்டுப் போயிடுவீங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறப்ப உங்க கார்டு, ஒரு டார்ச், ஒரு நியூஸ்பேப்பர் எடுத்துட்டுப் போங்க. சூம முழுசா முன்னும் பின்னும் பல தரம் ஓட்டுங்க, கரகரன்னு சத்தமோ நடுவுல தயக்கமோ இருந்தா திரும்பி வந்துடுங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு சிலந்தி வலை மாதிரி நூல் ஓடுதான்னு பாருங்க. அபெர்ச்சர (லென்ஸ் திறக்கிற ஓட்டைய) கடைசி வரைக்கும் மூடி, ஆர்எக்ஸ்100-ல எஃப் 11, ஜிஆர்ல எஃப் 16, வெள்ளை சுவத்த எடுத்து பெருசு பண்ணா தூசி கரும்புள்ளியா தெரியும். பேட்டரி உப்பியிருக்கான்னு கழட்டிப் பாருங்க, ஃபிளாஷ் எழும்புதா, வியூஃபைண்டர் நிக்குதான்னு பாருங்க. கடைசியா நியூஸ்பேப்பர விரிச்சு சுவத்துல ஒட்டி, நேரா நின்னு, லென்ஸ முழுசா திறந்து ஒரு படம், நாலு மூலைலயும் எழுத்து ஒரே மாதிரி படிக்க வருதான்னு பாருங்க. மூணு மூலை தெளிவா இருந்து ஒரு மூலை மட்டும் கலங்கலா இருந்தா அது எப்பவோ கீழ விழுந்த கேமரா, விக்கிறவரு எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம், இதுல லென்ஸ மட்டும் கழட்டி வேற மாட்ட முடியாது.